சிறுவர் வாக்குமூலமும் நோக்குநர் பணியும்

திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையில், மகாவலியின் கிளையாகிய வெருகலாறு கடலொடு கலக்குமிடத்தை அடுத்துள்ளது வெருகல். இத்தகைய ஊரில் ஒரு குழந்தைக்குத் தீங்கு நேரின், அதனை அது முதலில் உரைப்பது தாயிடமோ ஆசிரியரிடமோ ஆகும். பின்னர்ப் பொலிசார், வைத்தியர், நன்னடத்தை உத்தியோகத்தர், நீதவான் எனக் கேட்போர் பெருகுவர். கேட்குந்தோறும் குழந்தை நோவுறும். அன்றியும், கேட்போர் சொற்கள் அதன் சொற்களோடு கலந்துவிடும். பிற்கூறியது வழக்கையே அழிக்க வல்லது.

இவ்விடரை நீக்குதற்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில் நகரில் 1985இல் ஒரு நிலையம் அமைக்கப்பட்டது. அம்முறையில் பயிற்சி பெற்ற ஒருவரே குழந்தையோடு அமர்ந்து வினவுவார். ஏனைய அதிகாரிகள் அடுத்த அறையிலிருந்து நோக்குவர். பிறர் கேட்கின்றனர் என்பது குழந்தைக்கும் அறிவிக்கப்படும். பெற்றோர் பெரும்பாலும் அவ்வறையில் இடம்பெறார். அவரே சாட்சிகளாதலும் கூடுமன்றோ?

நோக்குநர் வாளா இருப்பவரல்லர். வினவுவோரின் மனம் குழந்தையின் முகத்திலே பதிந்திருக்கும். கூற்றிலுள்ள இடைவெளி அவர்க்குப் புலப்படாது போகலாம். "மாமா வந்தார்" என்கிறது குழந்தை. தமிழரிடையே தாயின் உடன்பிறந்தானும் மாமா, அத்தையின் கணவனும் மாமா, அயல்வீட்டானுங்கூட மாமா. எந்த மாமா என்பதைக் குறித்துக்கொண்டு, இடைவேளையில் வினவுவோர்க்கு உணர்த்துதல் நோக்குநர் கடன். ஆயினும், "பெரிய மாமாவா?" என்று கேட்கச் சொல்லுதல் பெரும்பிழை. "அந்த மாமாவைப் பற்றிச் சொல்லு" என்பதே தக்க வினா.

கலிபோர்னியாவின் மக்மார்ட்டின் பாலர் பள்ளி வழக்கு 1983இல் தொடங்கி, ஒருவரும் குற்றவாளியெனத் தீர்க்கப்படாமலே 1990இல் முடிந்தது. விடையை உள்ளடக்கிய வினாக்கள் சிறுவரிடம் தொடுக்கப்பட்டமையை ஒளிப்பதிவே காட்டிக்கொடுத்தது. வினவுவோரின் நம்பிக்கையையே தாமும் கொண்ட நோக்குநர் எத்துணைப் பேர் இருப்பினும் பயனில்லை. வேறு விளக்கம் உண்டோ என்று ஐயுறுபவர் ஒருவரேனும் வேண்டும்.

இலங்கையில் 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை தோன்றியது. மறுவருடத்து 32ஆம் இலக்கச் சட்டம், குழந்தையின் முதல் நேர்காணலின் ஒளிப்பதிவைச் சான்றாக ஏற்க வழி வகுத்தது. எனினும் குறுக்கு விசாரணை நீங்கவில்லை. நேர்காணலில் தெளிவுறாத அந்த மாமாவைப் பற்றி எதிர்த்தரப்புச் சட்டத்தரணி குழந்தையிடமே கேட்பார். அப்போது அதற்கு உதவ அடுத்த அறையில் எவரும் இரார்.