ஒரு கோபுரம் எரிந்தபோது: டிஜிற்றல் தொலைக்காட்சி வீட்டுக்கு எவ்வாறு வந்து சேருகிறது?

2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 10ஆம் திகதி, இங்கிலாந்தின் வட யோர்க்சயர் மலைநிலத்தில் பில்ஸ்டேல் என்னும் இடத்திலுள்ள தொலைக்காட்சிக் கோபுரத்தில் தீப்பற்றியது. அன்று பிற்பகலே வட யோர்க்சயர், டீஸ்சைட், டேர்ஹம் பகுதிகளில் பல இலட்சம் வீடுகளின் தொலைக்காட்சித் திரைகள் வெறுமையாயின. வானொலிச் சேவைகளும் தடைப்பட்டன. செல்வச் செழிப்பும் தொழில்நுட்பத் தேர்ச்சியும் மிக்க ஒரு நாட்டிலே, ஒரேயொரு கோபுரம் பழுதடைந்ததால் ஒரு பிராந்தியம் முழுவதுமே எப்படி இருளடைந்தது? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், தரைவழி டிஜிற்றல் தொலைக்காட்சி எவ்வாறு இயங்குகிறது என்பதை நாம் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

உயரத்தின் கணக்கு

தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலே செல்பவை. பூமி உருண்டையாக இருப்பதால், ஓர் எல்லைக்கு அப்பால் அவை நிலத்தை விட்டு உயர்ந்து போய்விடுகின்றன. எனவேதான் ஒளிபரப்புக் கோபுரங்கள் மலையுச்சியிலே, இயன்ற அளவு உயரமாக நிறுவப்படுகின்றன. சமதரையில் 300 மீற்றர் உயரத்திலிருந்து புறப்படும் அலை ஏறத்தாழ 70 கிலோ மீற்றர் வரை எட்டும். 80 மீற்றர் உயரமாயின் 37 கிலோ மீற்றர்தான். தூரம் பாதியாகக் குறைந்தால் பரப்பளவு ஏறக்குறைய காற்பங்காகிவிடும் என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

1969இல் நிறுவப்பட்ட பில்ஸ்டேல் கோபுரம் 300 மீற்றருக்கும் மேல் உயரமானது. இழுவைக் கம்பிகளால் தாங்கப்பட்டது. மலைகளின் மறைவிலுள்ள பள்ளத்தாக்குக் கிராமங்களுக்கு அதன் அலை நேரடியாக எட்டுவதில்லை. அவற்றுக்கெனச் சிறிய அஞ்சல் நிலையங்கள் அமைக்கப்பட்டிருந்தன. இவை பெரிய கோபுரத்தின் அலையைப் பெற்று, வேறோர் அலைவரிசையில் திரும்ப அனுப்புபவை. தாய்க் கோபுரம் ஓய்ந்தால் இப்பிள்ளைகளும் ஓய்ந்துவிடும். பில்ஸ்டேலில் நடந்ததும் இதுவே.

டிஜிற்றல் என்பது என்ன?

பழைய அனலொக் முறையில் ஓர் அலைவரிசையில் ஒரு நிகழ்ச்சியை மாத்திரமே அனுப்பலாம். பிரித்தானியாவில் ஓர் அலைவரிசையின் அகலம் 8 மெகா ஹேர்ட்ஸ். டிஜிற்றல் முறையில் படமும் ஒலியும் எண்களாக மாற்றப்பட்டு, திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் நீக்கப்பட்டுச் சுருக்கப்படுகின்றன. அதனால் முன்பு ஒரு நிகழ்ச்சி சென்ற அதே அகலத்தில் இப்போது பல நிகழ்ச்சிகள் ஒரு கட்டாகச் செல்கின்றன. இக்கட்டினை 'மல்ரிபிளெக்ஸ்' என்பர்.

இந்த எண்களை ஒரே அலையில் ஏற்றி விரைவாக அனுப்பினால், மலையிலும் கட்டடத்திலும் பட்டுத் தெறிக்கும் எதிரொலி அலைகள் அவற்றைக் குழப்பிவிடும். பழைய முறையில் ஓர் உருவம் இரண்டாகத் தெரிந்ததற்கு இதுவே காரணம். டிஜிற்றல் முறையிலோ அந்தச் சுமை ஆயிரக்கணக்கான சிறு அலைகளுக்குப் பகிரப்படுகிறது. பிரித்தானியா பயன்படுத்தும் ஒரு முறையில் அவற்றின் எண்ணிக்கை 6,817. ஒவ்வொன்றும் தன் பங்கை ஆறுதலாகச் சுமந்து செல்லும். தேர் வடத்தை ஊரே கூடி இழுப்பது போன்றது இது. சில கைகள் நழுவினாலும் தேர் நின்றுவிடுவதில்லை. நழுவிய எண்களைக் கணித்து நிரப்பும் ஏற்பாடும் அதனுள்ளேயே உண்டு.

கயிறு ஒரு முழம் குறைந்தால்...

இவ்வளவு வலிமையுள்ள முறைக்கு ஒரு பலவீனமும் உண்டு. பழைய தொலைக்காட்சியில் அலை வலுக்குறைந்தால் திரையில் பூச்சி பறக்கும். ஆயினும் செய்தி வாசிப்பவரின் முகமும் குரலும் ஓரளவு கிடைக்கும். இந்தியத் தொலைக்காட்சியைப் பிடிப்பதற்காக உயர்ந்த கம்பங்களில் அன்ரனா கட்டிய எமது வடபகுதி மக்கள் இதனை நன்கறிவர். டிஜிற்றலில் இந்த 'ஓரளவு' கிடையாது. வாளி தண்ணீரைத் தொடும்வரை கயிறு நீண்டால் வாளி நிறையும். ஒரு முழம் குறைந்தாலோ வெறும் வாளிதான் மேலே வரும். அதுபோலவே அலை போதுமான அளவு இருக்கும்வரை படம் தெளிவாக இருக்கும். எல்லையை அணுகும்போது படம் சதுரம் சதுரமாக உடையும், உறையும். அதற்குக் கீழே ஒன்றுமேயில்லை.

எனவே இன்று நல்ல படம் தெரிகிறது என்பதால் எமது அன்ரனா நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடலாகாது. விளிம்பிலே நிற்கும் வீட்டை ஒரு மழைக்காலமோ, வயரின் இணைப்பில் புகுந்த நீரோ, முன்னால் வளர்ந்த மரமோ வீழ்த்திவிடக்கூடும்.

கூரையிலே கவனிக்க வேண்டியவை

முதலாவது, திசை. அன்ரனா உரிய கோபுரத்தை நேராக நோக்க வேண்டும். இரண்டாவது, அதன் குச்சிகளின் கிடை. பிரித்தானியாவில் பெரிய கோபுரங்களுக்குப் பொதுவாகக் கிடையாகவும், அஞ்சல் நிலையங்களுக்குப் பெரும்பாலும் நிலைக்குத்தாகவும் வைப்பர். மூன்றாவது, வயரும் இணைப்புகளும். பழுதுகளிற் பல இங்கேதான் மறைந்திருக்கும்.

'பூஸ்ரர்' பற்றியும் ஒரு வார்த்தை. அது அலையை மட்டுமன்றி, கூடவே வரும் இரைச்சலையும் பெருக்கும். அன்ரனாவுக்கு வந்து சேராத அலையை அதனால் உண்டாக்க முடியாது. கம்பத்தின் உச்சியில், வயரில் அலை தேய்வதற்கு முன்பாகப் பொருத்தினால் பயனுண்டு. அலை ஏற்கனவே பலமாக உள்ள வீட்டில் பொருத்தினால், கருவி திணறி இருந்த படமும் போய்விடும்.

வானிலையும் விளையாடுவதுண்டு. உயர் காற்றமுக்க நாட்களில், வெப்பக் காற்றுப் படை குளிர்ந்த காற்றின் மேல் மூடிபோல் நிற்கும்போது, தொலைதூரக் கோபுரங்களின் அலைகளும் வந்து குறுக்கிடும். அவ்வேளையில் அவசரப்பட்டு அலைவரிசைகளை மீளத் தேட விடுவது தவறு. உள்ளவையும் அழிந்துபோகக்கூடும். ஓரிரு நாள் பொறுத்திருப்பதே நல்லது.

பில்ஸ்டேலில் நடந்தது

தீக்குப் பின்னர், கோபுரத்துக்குப் பொறுப்பான ஆர்கிவா நிறுவனம் அருகிலுள்ள சிறிய நிலையங்களைக் கொண்டு ஒரு பகுதிக்குச் சேவையை மீட்டது. 80 மீற்றர் உயரமான தற்காலிகக் கோபுரமொன்றை நிறுவவும் திட்டமிட்டது. ஆனால் அவ்விடம் ஒரு தேசியப் பூங்காவினுள், பாதுகாக்கப்பட்ட நிலத்தில் உள்ளது. நிலத்துக்குள் சென்று வேலை செய்வதற்கான உரிமை பற்றிய விடயம் நீதிமன்றம் வரை சென்றது. சேதமடைந்த பழைய கோபுரம் ஒக்ரோபர் 6ஆம் திகதி வீழ்த்தப்பட்டது. ஒக்ரோபர் 13ஆம் திகதி தற்காலிகக் கோபுரம் இயங்கத் தொடங்கியது. தீ நிகழ்ந்து இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது. ஏறத்தாழ 300 மீற்றர் உயரமான புதிய நிரந்தரக் கோபுரம் 2023இலேயே சேவைக்கு வந்தது.

இந்த இரண்டு மாதங்களில் துன்பப்பட்டோர் யார்? இணைய வசதியுள்ள இளைஞர்கள் அதன் வழியே நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டனர். செய்மதித் தட்டு உள்ளவர்களுக்கும் குறையில்லை. கூரை அன்ரனாவை மாத்திரமே நம்பியிருந்த முதியோர், தனித்து வாழ்வோர், மலைக் கிராமத்தவர் ஆகியோரே கைவிடப்பட்டவர்களாயினர். அதிலும் தற்காலிகக் கோபுரத்தின் குறைந்த உயரம் எட்டாத பள்ளத்தாக்குகளே கடைசிவரை காத்திருந்தன. கட்டணமின்றி அனைவருக்கும் கிடைக்கும் சேவையின் பெறுமதி, அது நின்றபோதே பலருக்கும் புலப்பட்டது.

அலைகள் யாருக்கு?

இன்னொரு நெருக்குதலும் உண்டு. 2012இல் பிரித்தானியாவில் அனலொக் ஒளிபரப்பு முற்றாக நிறுத்தப்பட்டபின், தொலைக்காட்சிக்கு உரியதாயிருந்த அலைப்பரப்பின் மேற்பகுதி கையடக்கத் தொலைபேசிச் சேவைக்குத் திருப்பப்பட்டது. 2013இல் நடந்த ஏலத்தில் அரசுக்கு ஏறத்தாழ 234 கோடி பவுண் கிடைத்தது. 2020இல் மற்றொரு பகுதியும் விடுவிக்கப்பட்டது. இன்று தொலைக்காட்சிக்கு எஞ்சியுள்ளது 470 முதல் 694 மெகா ஹேர்ட்ஸ் வரையான பரப்பு மட்டுமே. குறைந்தது 2034 வரையாவது தரைவழித் தொலைக்காட்சி தொடரும் என அந்நாட்டு அரசு உறுதியளித்துள்ளது. அதன்பின் எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றலாமா என்ற விவாதம் எழுந்துள்ளது.

இணையத்துக்கு மாதக் கட்டணம் வேண்டும். அதனைக் கையாளும் பழக்கமும் வேண்டும். கூரை அன்ரனாவுக்கோ ஒருமுறைச் செலவு போதும். பிரித்தானியா டிஜிற்றலுக்கு மாறிய காலத்தில், 75 வயதைக் கடந்தோருக்கும் வலுவிழந்தோருக்கும் கருவி வாங்கவும் பொருத்தவும் உதவும் திட்டமொன்று இயங்கியது. புதிய முறையொன்று புகுத்தப்படும்போது பின்தங்கி நிற்போரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதும் அம்முறையின் செலவிலே சேர வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இலங்கையும் 2014இல் டிஜிற்றல் ஒளிபரப்புக்கென ஜப்பானிய முறையைத் தெரிவுசெய்தது. முறை எதுவாயினும் பில்ஸ்டேல் தரும் பாடம் பொதுவானது. ஒரு கோபுரம் வீழ்ந்தால் மாற்று வழி எது, மலைக்கு அப்பாலுள்ள கடைசி வீட்டுக்கு அலை எட்டுமா, புதிய கருவியை வாங்க இயலாதவருக்கு உதவுவது யார் என்னும் மூன்று கேள்விகளையும் கோபுரம் எழுப்புமுன்பே நாம் கேட்டாக வேண்டும்.