மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்

திருவொற்றியூர்த் தியாகேசர் ஆலயக் கல்வெட்டுக்களில் தேவரடியார், பதியிலார் என்னும் பெயர்கள் காணப்படுகின்றன. வடசென்னைவாசிகள் அவற்றைப் பழஞ்சரித்திரமென்று எண்ணிக் கடந்துவிடுகிறோம். கோயில்களுக்குத் தானஞ் செய்யுமளவு மதிப்புடன் அப்பெண்டிர் வாழ்ந்த காலமும் உண்டு. பிற்காலத்தில் அவ்வழக்கம் எந்நிலைக்குத் தாழ்ந்தது என்பதை, அதனுட் சிக்கிய பெண்மணி ஒருவரே எழுதி வைத்திருக்கிறார்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1883-ஆம் ஆண்டிற் பிறந்தவர். வறுமை தாங்காத பெற்றோர், குழந்தைப் பருவத்திலேயே அவரைத் தாசிக் குடும்பமொன்றில் விட்டு அகன்றனர். ஈடாகப் பெற்றது பத்து ரூபாயும் ஒரு பழம்புடவையும் என்பர் அவர் வரலாறு கூறுவோர். பெற்றவரே கைவிட்ட குழந்தை எவரிடம் நியாயங் கேட்கும்?

வளர்ந்தபின் அவ்வாழ்க்கையை உதறி, தமக்கு இசை கற்பித்த சுயம்பு பிள்ளையை மணந்தார். காங்கிரஸிற் சேர்ந்து கதர்ப் பிரசாரம் செய்தார். பின்னர் பெரியாருடன் விலகிச் சுயமரியாதை இயக்கத்தில் உழைத்தார். மேடையிற் பேசலாகாதெனத் தடை வந்தபோது, கரும்பலகையில் எழுதிக் காட்டினார். 1938-இல் இந்தி எதிர்ப்புப் படையுடன் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்து வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. அவ்வாண்டே சிறையும் புகுந்தார்.

அதற்கு இரண்டாண்டு முன்னர், 1936-இல், ‘தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்’ என்னும் நாவல் வெளிவந்தது. பெயரைக் கண்டு, தாசிகளைத் தூற்றும் நூலென்று கருதுவோர் உண்டு. ஆயின், அவ்வீடுகளின் தந்திரங்களோடு, அங்கே பொருளிழக்கும் மைனர்களையும், அவ்வழக்கத்துக்குச் சமய முத்திரை குத்தும் பெரிய மனிதர்களையும் அம்மையார் விட்டுவைக்கவில்லை. அதனை எதிர்த்தெழும் பெண்களையும் படைத்திருக்கிறார். சில இடங்களிற் கதை நின்று பிரசங்கம் தொடங்கிவிடுகிறது, அது மெய்யே. எனினும், தாம் பட்ட துன்பத்தைச் சொல்லி இரக்கம் வேண்டாமல், அத்துன்பத்தை விளைவித்த ஏற்பாட்டை விசாரணைக் கூண்டில் நிறுத்திய துணிவு அந்நூலின் தனிச்சிறப்பு. சாட்சியும் அவரே, வழக்குரைஞரும் அவரே!

சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் தொடங்கிவைத்த முயற்சி 1947-இற் பலித்தது. பொட்டுக்கட்டுதல் சென்னை மாகாணத்திற் சட்டத்தாற் தடுக்கப்பட்டது. அதனைக் கண்ணாரக் கண்ட அம்மையார் 1962-இற் காலமானார்.

1989-இல் அவர் பெயரால் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் ஏற்பட்டது. பின்னர் அது உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டு, 2022 செப்டம்பர் 5-ஆம் நாள் சென்னைப் பாரதி மகளிர் கல்லூரியிற் தொடங்கப்பெற்றது. அரசுப் பள்ளியிற் பயின்று கல்லூரி சேர்ந்த பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்பது ஏற்பாடு. பத்து ரூபாய்க்கு விடப்பட்ட சிறுமியின் பெயரால் இது நிகழ்ந்தது எத்துணைப் பொருத்தம்!

ஆயினும், பணம் மட்டும் போதாது. இராயபுரத்திலோ எண்ணூரிலோ, ஆலையிலும் கடலிலும் உழைப்போர் வீட்டுச் சிறுமி வறுமையாற் பள்ளியினின்று நிறுத்தப்படுவாளாயின், அவ்வீட்டு வாயிலிற் சென்று நிற்க வேண்டியவர் யார்? அரசியற் தொண்டு பூண்ட அன்பர்களே, அது நம் கடமையன்றோ?