உங்களுக்குத் தெரியுமா? குற்றம் சாட்டப்பட்டவருக்கும் வக்கீல் உண்டு
எந்த வழக்கிலும் ‘யாரும் ஆஜராகக் கூடாது’ என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டால் செல்லாது. கோவையில் போலீசாருக்கு எதிராகப் போட்ட தீர்மானத்தை ஒட்டி 2010-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இது. பிள்ளையைச் சிதைத்தவனுக்கு வக்கீல் எதற்கு என்ற கோபம் நியாயமானதே. ஆனால், சிதைத்தது அவன்தானா என்று சோதிக்க வேறு வழி ஏது? மத்தியப் பிரதேசம் கண்ட்வாவில் 2013-இல் சிறுமி பாலியல் கொலை வழக்கொன்றில் சட்ட உதவி வக்கீலை அமர்த்திய அன்றே குற்றச்சாட்டு பதிவானது. இரண்டே வாரத்தில் தூக்குத் தண்டனை. வழக்குக் கட்டைப் படித்துத் தயாராகக்கூட அவகாசமில்லை. 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்கு மறுபடி நடந்து, டி.என்.ஏ. நிபுணர்களை விசாரித்த பிறகு 2024-இல் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். உடனே தண்டிப்பதே நீதி என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? அவருக்குச் சிறையில் போனது 11 ஆண்டு. சிறுமியைக் கொன்றது யார் என்ற கேள்வியோ அப்படியே நிற்கிறது.