பிறந்தநாள் பிரியாணியும் ஜூன் மாதச் செலவும்

குழந்தைகள் இல்லம் நடத்துகிறவர்களிடம் எது கஷ்டம் என்று கேட்டால், சோறு என்று பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். சோற்றுக்கு நம் ஊரில் ஆள் உண்டு. பிள்ளையின் முதல் பிறந்தநாள், அப்பாவின் திதி, கல்யாண நாள், புது வண்டி எடுத்த நாள் என்று ஏதாவது ஒரு காரணத்தோடு யாராவது போன் செய்துவிடுவார்கள். இப்படிப்பட்ட இல்லங்களின் ஆபீஸ் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில் 'மதியம் பிரியாணி', 'இரவு இட்லி, கேசரி' என்று பேனாவால் நிரப்பியிருப்பார்கள். பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரே நாளுக்கு இரண்டு மூன்று பேர் போட்டி போடுவார்கள். செவ்வாய், புதன் கட்டங்கள் வெள்ளையாகவே கிடக்கும். வார்டன் சம்பளம், கரண்ட் பில், ஜூன் மாதத்து ஷூவும் நோட்டும், செப்டிக் டேங்க் லாரி ஆகியவற்றுக்குக் காலண்டரில் இடமே கிடையாது. தன் பிறந்தநாளுக்கு செப்டிக் டேங்க் லாரி வாடகை கொடுத்த புண்ணியவானை யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

பக்தியை நம்பி, நன்கொடையை நம்பி நடக்கும் இல்லங்களின் முழுச் சிக்கலும் இந்தக் காலண்டரில்தான் இருக்கிறது. கொடுக்கிறவருக்குப் பிடித்த நாள் ஒன்று, பிள்ளைக்குத் தேவைப்படும் நாள் வேறொன்று.

கள்ளக்குறிச்சி மாவட்டம் சின்னசேலம் வட்டத்தில் உள்ள நைனார்பாளையம் போன்ற ஊரில் உட்கார்ந்து பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். மக்காச்சோளம், மரவள்ளி, கரும்பு, பருத்தி என்று விளையும் பகுதி இது. அறுவடை முடிந்தால் கை தாராளமாகும், மழை பொய்த்தால் சுருங்கும். வடமேற்கே கல்வராயன் மலை. அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களில் பலர் வேலை தேடிக் கேரளத்துக்கும் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் போகிறார்கள். தாய் தகப்பன் தோட்டத்தில், பிள்ளை பாட்டி வீட்டில். பாட்டிக்கு முடியாமல் போகும்போது, 'ஏதாவது ஹோம்ல சேர்த்துடலாமா?' என்ற பேச்சு எழும்.

இல்லத்தில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் அநாதைகள் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் நினைப்பு. நடுவண் அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் எடுத்த நாடு தழுவிய கணக்கு 2018இல் வெளிவந்தது. 9,589 இல்லங்களில் சுமார் 3.7 லட்சம் பிள்ளைகள். அதில் மூன்றில் ஒரு பங்குப் பேர் தாயோ தகப்பனோ ஒருவர் உயிரோடு இருக்கும் பிள்ளைகள். பெற்றோர் இல்லாதவர்களும் கைவிடப்பட்டவர்களும் அதைவிட வெகு குறைவு. மாநில வாரியாகப் பார்த்தால் இல்லங்களின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம். பெருமைப்படுவதா, யோசிப்பதா என்று தயங்க வைக்கும் முதலிடம் இது.

தமிழ்நாட்டில் இத்தனை இல்லங்கள் முளைத்ததற்குப் பழைய காரணங்கள் உண்டு. கள்ளக்குறிச்சியும் வடலூரும் சேர்ந்திருந்த பழைய தென்னாற்காட்டு மண்ணே ஒரு சாட்சி. 1867இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அரிசியும் காய்கறியும் ஊர் ஊராக அங்கே வந்து சேர்ந்துகொண்டிருக்கின்றன. சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், 1949இல் பதவியை விட்டபின் அதே வடலூரில் போய் உட்கார்ந்து சுத்த சன்மார்க்க நிலையமும் குருகுலப் பள்ளியும் நடத்தினார். மறுபக்கம், 19ஆம் நூற்றாண்டிலிருந்தே டேனிஷ் மிஷன்காரர்கள் தென்னாற்காட்டில் பள்ளிகளையும் அவற்றோடு ஒட்டிய போர்டிங்குகளையும் ஏற்படுத்தினார்கள். 'போர்டிங்ல படிச்சவரு' என்று இன்றும் வயதானவர்களைப் பற்றிச் சொல்வதுண்டு.

நன்கொடை திரட்டுவதில் இரண்டு நேரெதிர் வழிகளை நூறு ஆண்டுக்கு முன்பே இரண்டு இல்லங்கள் காட்டிவிட்டன.

ஒன்று திருநெல்வேலிச் சீமையில், களக்காட்டுக்குப் பக்கத்தில் உள்ள டோனாவூர். ஊர்ப் பெயரே ஒரு நன்கொடையாளரின் பெயர்தான். 1820களில் மிஷனரி ரேனியஸ் ஐயரின் காலத்தில், அங்கே தேவாலயம் எழும்பப் பணம் அனுப்பிய பிரஷ்யப் பிரபு டோனாவின் பெயர் தமிழ் ஊராகிவிட்டது. அயர்லாந்தில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தார். 1901இல் கோயிலுக்கு விடப்படவிருந்த ஒரு சிறுமி அவரிடம் வந்து சேர்ந்தாள். அதற்குப் பின் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், 1918இலிருந்து ஆண் பிள்ளைகளும். 1951 ஜனவரியில் இறக்கும்வரை அவர் ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. பிள்ளைகள் 'அம்மா' என்று அழைத்தார்கள். அவர் கல்லறையில் கல்வெட்டுப் பலகை கிடையாது. பறவைகள் நீர் குடிக்கும் கல் தொட்டி ஒன்றில் அம்மா என்று பொருள்படும் ஒரு சொல் மட்டும் இருக்கிறது.

கடவுளிடம் மட்டுமே கேட்பது, மனிதரிடம் பணம் கேட்பதில்லை என்பது அவர் கொள்கை. ஆனால் அவர் 35க்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார், நண்பர்களுக்கு இடைவிடாமல் கடிதம் எழுதினார். இல்லத்தில் என்ன நடக்கிறது என்று வெளிநாட்டு வாசகர்களுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. கையேந்தாமல் இருந்தார் என்பது உண்மை. கணக்கும் கதையும் ஒளிக்காமல் சொன்னார் என்பதும் உண்மை. இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் நொடித்துப் போவதற்கே வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று மயிலாப்பூர் ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம். சுவாமி ராமகிருஷ்ணானந்தரின் தூண்டுதலில் 1905இல் விரல்விட்டு எண்ணக்கூடிய சில சிறுவர்களோடு தொடங்கியது. சி.ராமசாமி ஐயங்கார், சி.ராமானுஜாச்சாரி இருவரும் அதன் தூண்கள். இவர்கள் தயங்காமல் கேட்டார்கள். படியேறி நன்கொடை வாங்கினார்கள். ராமானுஜாச்சாரி தலைமைச் செயலக ஊழியர்களைக் கொண்ட நாடகக் குழுவை நடத்தி, டிக்கெட் வசூலை இல்லத்துக்குக் கொண்டுவந்து கொட்டினார். அதோடு, பிள்ளைகளுக்குப் படிப்பும் தொழிலும் இல்லத்திலேயே கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். பதினெட்டு வயதில் வெளியே போகும் பையன் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும் என்று அன்றே யோசித்தது பெரிய விஷயம்.

இன்று இல்லம் திறக்க நல்ல மனது மட்டும் போதாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, 41ஆம் பிரிவின்படி அரசு மானியம் வாங்காத இல்லமும் பதிவு செய்தாக வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். தாயே நேரில் கொண்டுவந்து விட்டாலும் பிள்ளையைச் சும்மா சேர்த்துக்கொள்ள முடியாது. ஆதரவின்றிக் கிடைத்த பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுதான், பிள்ளை எங்கே இருப்பது என்று ஆணையிடும்.

விதிகளில் உள்ள அளவுகள் கறாரானவை. 50 பிள்ளைகள் என்றால் தலா ஆயிரம் சதுர அடியில் இரண்டு படுக்கை அறைகள், ஏழு பேருக்கு ஒரு கழிப்பறை, பத்துப் பேருக்கு ஒரு குளியலறை. சாப்பாட்டுக்கும் பட்டியல் உண்டு. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு அரிசி, கோதுமை, ராகி வகையில் 600 கிராம், பருப்பு 120 கிராம். 50 பேருக்குக் கணக்குப் போட்டால் தினம் 30 கிலோ தானியம், 6 கிலோ பருப்பு. மாதத்துக்குத் தானியம் மட்டும் 900 கிலோ. பொங்கலுக்கு வந்து இறங்கும் பத்து மூட்டை அரிசி எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று இப்போது தெரியும்.

இந்த விதிகளைக் கறாராக அமல்படுத்தச் சொன்ன வழக்கு தமிழ்நாட்டைப் பற்றித்தான் எழுந்தது. மாமல்லபுரம் பக்கத்து இல்லங்களில் வெளிநாட்டவர்கள் பிள்ளைகளைச் சீரழிக்கிறார்கள் என்று வந்த செய்தியைச் சுட்டி 2007இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் போனது. அதுவே வழக்காகி, 2017 மே மாதம் நீதிபதிகள் மதன் லோகூர், தீபக் குப்தா அமர்வு தீர்ப்பளித்தது. நாட்டிலுள்ள எல்லா இல்லங்களும் அந்த ஆண்டுக்குள் பதிவாக வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும் என்றது.

தன்னார்வலர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சனிக்கிழமை வந்து பாட்டு சொல்லிக்கொடுத்து, பிள்ளைகளோடு செல்ஃபி எடுத்து, திங்கட்கிழமை காணாமல் போகும் அன்பு, ஏற்கெனவே ஒருமுறை விடப்பட்ட பிள்ளைக்கு இன்னொரு விடுபடல். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையே இப்படிப்பட்ட அநாதை இல்லச் சுற்றுலாவின் கேடுகளைச் சுட்டித் தீர்மானம் போட்டது. பிள்ளையின் முகமும் பெயரும் வெளியே தெரியும்படி படம் போடுவதைச் சட்டமும் தடுக்கிறது. கணக்கு எழுதிக் கொடுக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மாதம் ஒருமுறை தவறாமல் வரும் பல் டாக்டர், மூன்று வருஷம் விடாமல் கணக்குப் பாடம் எடுக்கும் டீச்சர் போன்றவர்களால்தான் இல்லம் ஓடுகிறது. இவர்களை யாரும் படம் எடுப்பதில்லை.

சாப்பாட்டிலும் எச்சரிக்கை வேண்டும். 2022 அக்டோபரில் திருப்பூர் அருகே ஒரு காப்பகத்தில் உணவு ஒவ்வாமல் மூன்று சிறுவர்கள் இறந்தார்கள். அந்தக் காப்பகம் மூடப்பட்டது. மண்டபத்தில் மிஞ்சியதை இரவு பதினொரு மணிக்கு வேனில் ஏற்றி அனுப்புவது தருமம் ஆகாது.

மத நிறுவனங்களுக்கு இன்னொரு தர்மசங்கடம் உண்டு. காலை ஜெபமோ பஜனையோ தொழுகையோ இல்லாமல் அந்த இல்லம் இல்லை, அதை நம்பித்தான் நன்கொடையும் வருகிறது. ஆனால் நலக் குழு அனுப்பும் பிள்ளை எந்த மதத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம். 1992இல் இந்தியா ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, பிள்ளைக்கும் சிந்தனை, மனசாட்சி, மதச் சுதந்திரம் உண்டு என்கிறது. பிரார்த்தனைக்கு வராத பிள்ளைக்கும் அதே இட்லிதான் என்று இருக்கும் இல்லத்தை ஊர் தானாக நம்பும்.

வெளிநாட்டுப் பணத்தை நம்பியவர்களுக்குக் காலம் மாறிவிட்டது. 2017 மார்ச்சில் கம்பேஷன் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அதன் உதவி பெற்றுவந்த சுமார் 1,45,000 பிள்ளைகளுக்கு அது நின்றது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்கு 2020இல் வந்த திருத்தத்தின்படி அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் ஒரே கிளை வழியாகத்தான் வர முடியும், நிர்வாகச் செலவுக்கு அதில் 20 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. உள்ளூர் மளிகைக்கடைக்காரரும் பெங்களூரில் வேலை பார்க்கும் உள்ளூர்ப் பையனும் மாதாமாதம் போடும் 500 ரூபாய்க்கு இப்போது மதிப்புக் கூடியிருக்கிறது. வரிவிலக்கு ரசீது வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இல்லம் என்பது கடைசி வழி என்றுதான் சட்டம் இப்போது சொல்கிறது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் 5,000 ரூபாயும், வங்கியில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும் அரசு அறிவித்தது. பிள்ளைகள் உறவினர் வீட்டிலேயே வளரவும் வழி செய்யும் உதவி அது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய், 2025 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் என்று வீட்டோடு இருக்கும் பிள்ளைக்கும் உதவி உண்டு.

அதனால் யோசிக்கும் இல்லங்களுக்குப் புது வேலை வந்திருக்கிறது. பாட்டி வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு மாலை டியூஷனும் சாப்பாடும் கொடுப்பது, விண்ணப்பம் எழுதிக் கொடுத்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அந்தப் பாட்டியைக் கூட்டிப்போவது, மலையிலிருந்து தோட்ட வேலைக்குப் போகும் குடும்பத்தின் பிள்ளையை அந்தச் சில மாதம் மட்டும் நலக் குழு ஆணையோடு பார்த்துக்கொள்வது என்று அது விரியும். நைனார்பாளையத்தில் ஒருவர் தன் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு இல்லத்துக்குப் போன் செய்தால், பிரியாணிக்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. பதிவுச் சான்று நடப்பில் இருக்கிறதா, போன வருஷம் எத்தனை பிள்ளைகள் தங்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள், இந்த மாதம் எந்தச் செலவுக்குப் பணம் இல்லை? ஒழுங்கான நிர்வாகி இதற்கெல்லாம் கோபப்படமாட்டார். பெரும்பாலும் மூன்றாவது கேள்விக்கு அவர் கரண்ட் பில்லை எடுத்துக் காட்டுவார்.