கொடை மேசையில் யாருக்கு இருக்கை?

அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் மேலாண்மை பயின்ற எம்.பி. வாசிமலை, பெருநிறுவனப் பதவிகளை நாடாமல் தமிழகக் கிராமங்களுக்கு வந்தார். அடிப்படையில் அவர் வேளாண் பட்டதாரி. மேலாண்மை பயின்ற தீப் ஜோஷியும் விஜய் மகாஜனும் 1983இல் தொடங்கிய பிரதான் அமைப்பில் பணியாற்றிய பின், 1997இல் மதுரையில் தானம் அறக்கட்டளை உருவாவதற்குக் காரணமானார். அவரது பணிவாழ்வைத் தியாகக் கதையாகச் சொல்வது எளிது. தான் கற்ற மேலாண்மையை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதே நமக்கு முக்கியம்.

களஞ்சியம் திட்டத்தில் ஏறத்தாழ இருபது பெண்கள் ஒரு குழு. குழுக்கள் சேர்ந்து தொகுப்பு. தொகுப்புகள் சேர்ந்து வட்டாரக் கூட்டமைப்பு. சேமிப்பு அவர்களுடையது, கடனும் அவர்களுக்கே. கந்துவட்டிக்காரரிடம் போயிருக்க வேண்டிய வட்டி குழுவுக்கே திரும்புகிறது. நிர்வாகச் செலவையும் காலப்போக்கில் கூட்டமைப்பே ஏற்க வேண்டும் என்பது ஏற்பாடு. கணக்கு எழுதுபவருக்கு ஊதியம் தருபவர் யாரோ, அவருக்கே அவர் பதில் சொல்வார். படித்த மேலாளர் படிக்காத பெண்களுக்குப் பதில் சொல்லும் நிலை இப்படித்தான் உருவாகிறது.

சேலம், நாமக்கல் சமவெளிக்கு இது புதிதன்று. 1989இல் தருமபுரியில் அரசு தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம், 1991-92இல் நாமக்கல்லையும் உள்ளடக்கியிருந்த பழைய சேலம் மாவட்டத்துக்கு விரிந்தது. ஆனால் சேமிப்புக் குழு நிலம் பெற்றுத் தராது. சாதி வன்முறைக்குக் கடன் அட்டையில் பதில் இல்லை. இந்த வரம்பை மறைத்துக் குழுக்களைக் கொண்டாடுவோர் பலர்.

இன்று சமூகப் பணியை விரும்பும் மேலாண்மைப் பட்டதாரி பெரும்பாலும் செல்லுமிடம் சி.எஸ்.ஆர். துறை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றுள் ஒன்றை எட்டும் நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எங்கே, எதற்கு என்று பரிந்துரைக்கும் குழுவில் அமர்வோர் நிறுவனத்தின் இயக்குநர்களே. பயன்பெறுவோருக்குச் சட்டம் அங்கே இருக்கை ஒதுக்கவில்லை. அந்த இயக்குநர்கள் யார்? முன்னணி 1000 நிறுவனங்களை ஆராய்ந்து எக்கனாமிக் அண்டு பொலிட்டிக்கல் வீக்லி 2012இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அவர்களுள் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் முற்பட்ட சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 விழுக்காடு.

செலவிடத்தக்க இனங்களைக் கூறும் ஏழாம் அட்டவணையில் ஏற்றத்தாழ்வைக் குறைத்தல் பொதுவாக இடம்பெறுகிறது. பட்டியல் சாதி என்ற பெயரோ, ஒன்றிய அரசின் நிதிகளுக்கு நன்கொடை அளிப்பது பற்றிய இனத்தில் மட்டுமே வருகிறது. இதற்கும் அப்பால், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள், நாமக்கல்லின் லாரிகள், கோழிப்பண்ணைகள், சேலத்துச் சேகோ ஆலைகள் எனப் பார்த்தால், இச்சமவெளியின் செல்வத்தில் கணிசமான பகுதி குடும்பத் தொழில்களிலும் கூட்டாண்மைகளிலும் இருக்கிறது. அவை நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் வருவதில்லை. அங்கே கொடை முழுக்க முழுக்கக் கொடையாளரின் விருப்பம்.

ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் 2015 ஜூனில் திருச்செங்கோட்டிலிருந்து கடத்திக் கொல்லப்பட்டார். வழக்கு மதுரைக்கு மாற்றப்பட்டது. பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2022 மார்ச் வரை ஆயிற்று. இடையில் சாட்சிகள் பிறழ்ந்தனர். இத்தகைய வழக்கில் ஒரு குடும்பம் தாங்க வேண்டிய பயணச் செலவு, இழந்த கூலி, சாட்சிகளின் பாதுகாப்பு ஆகியவை எந்த நிறுவனத்தின் திட்ட அறிக்கையில் இடம்பெறும்? சட்ட உதவி என்ற சொல்லே ஏழாம் அட்டவணையில் இல்லை. கழிப்பறையும் கணினியும் தேவைதான். எனினும் கொடையாளரைச் சங்கடப்படுத்தாத தேவைகளே முதலில் நிதி பெறுகின்றன.

இப்பணத்தை ஆளும் இடத்துக்கு நம் மாணவர்கள் செல்ல முடியுமா? 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐ.ஐ.எம்.களில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு இடங்கள் உண்டு. அருகிலேயே 2011 முதல் திருச்சி ஐ.ஐ.எம். இயங்குகிறது. ஆனால் கல்விக் கடனோடு வெளியேறும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குத் தொண்டு நிறுவன ஊதியம் கட்டுப்படியாகாது. குடும்பத்தின் வீடும் நிலமும் பின்னால் நிற்பவர்க்கே அந்த 'எளிய வாழ்வு' வாய்க்கிறது. 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் இதை இன்னும் இறுக்கியது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50இலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது; தலைமைப் பொறுப்பினரின் ஊதியமும் அதற்குள் அடங்க வேண்டும். பெற்ற நன்கொடையைப் பிற அமைப்புக்குப் பகிர்வதும் தடைசெய்யப்பட்டது. பெரிய அமைப்புகள் வழியே நிதி பெற்றுவந்த சிறிய தலித் அமைப்புகளுக்கு அந்த வழி அடைபட்டது.

இருக்கிற சிறு பிடிமானங்களையாவது பயன்படுத்தலாம். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, சி.எஸ்.ஆர். குழு உறுப்பினர் விவரத்தையும் ஒப்புதல் பெற்ற திட்டங்களையும் நிறுவனம் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. மேட்டூரிலோ சேலத்திலோ ஆலை நடத்தும் நிறுவனத்தின் பட்டியலை எடுத்து, எத்தனை திட்டங்கள் ஊருக்குள் நின்றன, எத்தனை சேரிக்கு வந்தன என்று தெருவாரியாகக் கணக்கெடுக்க ஒரு கல்லூரி மாணவர் குழு போதும்.