சாட்சியின் கண்ணைக் கட்டும் ஒளி

டிவி ரிமோட்டை செல்போன் கேமராவுக்கு நேராகப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்தினால், பல போன்களின் திரையில் ஊதா நிறப் புள்ளி ஒன்று மினுக்குவதைப் பார்க்கலாம். வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. அகச்சிவப்புக் கதிரை நம் கண் உணராவிட்டாலும் கேமராவின் சென்சார் உணர்ந்துவிடும். இந்தச் சின்ன வேறுபாட்டை வைத்து ஆப்பிள் நிறுவனம் கோரிய காப்புரிமையை 2016 ஜூன் 28 அன்று அமெரிக்க அரசு வழங்கியது. அரங்கில் பொருத்திய கருவி அகச்சிவப்பு ஒளியில் ஒரு குறிப்பை அனுப்பும். கேமரா அதைப் படித்ததும் போன் படம்பிடிப்பதை நிறுத்திவிடும். அருங்காட்சியகத்தில் ஒரு பொருளை நோக்கி கேமராவைக் காட்டினால் அதன் விவரம் திரையில் வருவதற்கும் இதே வழி உதவும் என்கிறது அந்த ஆவணம். அந்தப் பயன் நல்லதுதான். ஆனால் கேமராவை அடைக்கும் பயனுக்கு இசை நிகழ்ச்சியை உதாரணம் காட்டுவதால் அது இசை அரங்கோடு நின்றுவிடாது. குறிப்பு வருவது பாட்டுக் கச்சேரியிலிருந்தா, காவல் துறை வண்டியிலிருந்தா என்பது சென்சாருக்குத் தெரியாது.

இது வீண் பயம் என்று ஒதுக்க முடியாதபடி ஒரே ஊர்ப்புறத்தில் நடந்த இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன. 2009 புத்தாண்டு அதிகாலையில், ஓக்லாந்து நகரின் ஃப்ரூட்வேல் ரயில் நிலைய நடைமேடையில் குப்புறக் கிடந்த, ஆயுதம் ஏதும் இல்லாத ஆஸ்கர் கிராண்ட் என்ற 22 வயது இளைஞரை ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் முதுகில் சுட்டார். ரயிலில் இருந்த பயணிகள் அதைப் படம்பிடித்தார்கள். அந்தப் படங்கள் இருந்ததால் வழக்கு நடந்து, 2010இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு அதே ரயில் நிர்வாகத்தின் போலீசார் இன்னொருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதைக் கண்டித்துப் போராட்டம் நடக்கவிருந்த 2011 ஆகஸ்ட் 11 அன்று, சான் பிரான்சிஸ்கோ நிலையங்களில் செல்போன் சிக்னலையே அந்த நிர்வாகம் துண்டித்தது. நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லை. கையில் சுவிட்ச் இருந்தது, அணைத்தார்கள். சிக்னல் போனாலும் அன்று கேமராக்கள் வேலை செய்தன. அதற்கும் ஒரு சுவிட்ச் இருந்திருந்தால் அதை மட்டும் விட்டுவைத்திருப்பார்கள் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

அதே ஆகஸ்ட் மாதக் கடைசியில் பாஸ்டனில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், பொது இடத்தில் கடமையாற்றும் போலீசாரைப் படம்பிடிப்பது அரசமைப்புச் சட்டம் காக்கும் உரிமை என்று தீர்ப்பளித்தது. போனைப் பிடுங்கினால் வழக்குப் போடலாம், படம்பிடித்தவரைக் கைது செய்தாலும் போடலாம். கேமரா தானாக அடங்கிப்போனால் யார் மேல் போடுவது? யார் அணைத்தார் என்று தெரியாது; அணைத்த நேரத்தில் என்ன நடந்தது என்று காட்டவும் ஒன்றும் இருக்காது. 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தபோது, போலீசார் முதலில் விட்ட அறிக்கை அதை மருத்துவக் காரணத்தால் நேர்ந்த மரணமாகத்தான் சொன்னது. அவர் கழுத்தில் போலீஸ்காரர் ஒருவர் அழுத்திய முழங்காலைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. நடைபாதையில் நின்ற 17 வயதுப் பெண் டார்னெல்லா ஃப்ரேஸியரின் போன் அன்று படம்பிடித்திருக்காவிட்டால், அந்த அறிக்கையே வரலாறாக நிலைத்திருக்கும்.

ஆப்பிளின் ஏற்பாடு இன்னும் எந்தப் போனிலும் வரவில்லையே, இப்போதே ஏன் பதற வேண்டும் என்று கேட்கலாம். வேறு வடிவில் அது வந்துவிட்டது. தென்கொரிய ராணுவம் 2019 முதல் படைவீரர்களை முகாமுக்குள் சொந்த செல்போன் வைத்துக்கொள்ள விடுகிறது. கேமராவை முடக்கும் பாதுகாப்புச் செயலி அதில் இருக்க வேண்டும். ராணுவ ரகசியம் என்ற காரணத்தில் நியாயம் உண்டு. ஆனால் தமிழர்களாகிய நாம் இந்த இடத்தில் ஈழப் போரின் இறுதியை நினைக்காமல் இருக்க முடியாது. உதவி நிறுவனங்களை வெளியேற்றி, செய்தியாளர்களைத் தள்ளிவைத்து நடத்திய போர் அது. கண்ணும் கையும் கட்டப்பட்ட, உடையற்ற மனிதர்கள் சுடப்படும் காட்சியை 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பியது. அது ஒரு ராணுவ வீரரின் செல்போனில் பதிவானது என்றே அதை வெளிக்கொணர்ந்தவர்கள் சொன்னார்கள். போலி என்றது இலங்கை அரசு. உண்மையானதாகவே தெரிகிறது என்று ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், நிபுணர்களின் ஆய்வை வைத்து 2010 ஜனவரியில் சொன்னார். அந்தப் படையினரின் போன்களிலும் கேமராவை அடைக்கும் செயலி இருந்திருந்தால், ஆராய்வதற்கு ஐ.நா.வுக்கு என்ன இருந்திருக்கும்?

எதிர்வாதங்களில் லேசாகத் தள்ள முடியாதவையும் உண்டு. தியேட்டரில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வதால் தமிழ் சினிமா இழந்த பணம் கொஞ்சமல்ல. ஆனால் அதைத் தண்டிக்க இந்தியாவில் 2023இல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டம் இருக்கிறது. மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. குற்றம் நடந்தபின் நீதிமன்றம் விசாரிக்கலாம், தவறாகப் பிடிபட்டவர் வாதாடித் தப்பலாம். முன்கூட்டியே கேமராவை அடைக்கும் கருவியிடம் யாரும் வாதாட முடியாது.

உடைமாற்றும் அறையில் ஒளித்துவைக்கும் கேமராவைப் பற்றிய பெண்களின் அச்சம் இதைவிடக் கனமானது, அதற்குத் தீர்வு வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் ஒளித்துவைக்கப்படுவது பெரும்பாலும் அதற்கென்றே செய்த குட்டிக் கேமரா. குறிப்பு வந்தால் அடங்கச் சொல்லி அதற்குள் யாரும் எதையும் பொருத்தியிருக்க மாட்டார்கள். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நல்ல நிறுவனத்தின் போனை வாங்கியவர் கையில் இருப்பதுதான் அடங்கும்.

இசை அரங்குகளுக்கு வேறு வழி ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் சில கலைஞர்கள் வாசலிலேயே ரசிகர்களின் போனைப் பூட்டுப் பையில் போட வைக்கிறார்கள். பை அவரவர் மடியிலேயே இருக்கும். பூட்டியது யார், எதற்காக என்பது உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் தெரியும். விருப்பமில்லாதவர் டிக்கெட் வாங்காமல் இருக்கலாம். அவசரம் என்றால் எழுந்து வெளியே போய்ப் பையைத் திறக்கச் சொல்லலாம்.