பவுலிங்கை நம்பி டீம் கட்டினால் கோப்பை வருமா? தமிழ்நாடு ரஞ்சி அணி சொல்லும் கணக்கு

சிவகாசி, சாத்தூர் பக்கம் டென்னிஸ் பால் மேட்ச்சுக்கு டீம் எடுக்கும்போது முதல்ல யாரைத் தேடுவாங்க? நாலு சிக்ஸர் அடிக்கிற ஆளைத்தான். ஆறு ஓவர் ஆட்டத்துக்கு அது சரி. நாலு நாள் கிரிக்கெட்டில் கணக்கே வேற. 500 ரன் குவித்தாலும், எதிரணியை இரண்டு முறை ஆல் அவுட் செய்ய முடியாவிட்டால் பெரும்பாலும் டிராதான். ரஞ்சியில் வெற்றிக்கு 6 புள்ளி. டிராவில் முதல் இன்னிங்ஸ் முன்னிலைக்கு 3 மட்டும். அதாவது, விக்கெட் எடுக்கத் தெரியாத அணி பாதி சம்பளத்துக்கு வேலை பார்க்குது.

தமிழ்நாட்டுக்கு இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். சையது முஷ்டாக் அலி டி20 கோப்பையை 2020-21, 2021-22 என அடுத்தடுத்து வென்ற அணி இது. இரண்டாவது ஃபைனலில் ஷாருக் கான் கடைசிப் பந்தில் அடித்த சிக்ஸரை யார் மறப்பாங்க? ஆனால் அதே காலத்தில் ரஞ்சியில் லீக் சுற்றைத் தாண்டவே முடியவில்லை. ரஞ்சிக் கோப்பை கடைசியாக வந்தது 1987-88ல்!

மாற்றம் எங்கே வந்தது?

2023-24ல் இடதுகை சுழற்பந்து வீச்சாளர் சாய் கிஷோர் கேப்டன். கூட இன்னொரு இடதுகை ஸ்பின்னர் அஜித் ராம். ஒரே ரகத்தில் ரெண்டு பேர் எதுக்குன்னு கேட்கலாம். பதில்: சாய் கிஷோர் 53 விக்கெட், அஜித் ராம் 41 விக்கெட். கோவையில் நடந்த காலிறுதியில் நடப்பு சாம்பியன் சௌராஷ்டிராவை இன்னிங்ஸ் மற்றும் 33 ரன் வித்தியாசத்தில் சுருட்டினார்கள். ஏழு வருடத்துக்குப் பிறகு அரையிறுதி.

அங்கே மும்பை. டாஸ் வென்று பேட்டிங் எடுத்து 146க்கு ஆல் அவுட். அப்பவும் பவுலிங் ஆட்டத்தை இழுத்துப் பிடித்தது: மும்பை 106க்கு 7. அந்த இன்னிங்ஸ் முழுக்கப் பார்த்தால் சாய் கிஷோருக்கு மட்டும் 6 விக்கெட். அந்த 106க்கு 7 நிலையிலிருந்துதான் ஷர்துல் தாக்குர் 109 அடித்தார். கடைசி மூன்று விக்கெட்டுக்கு 272 ரன் சேர்ந்தது. தமிழ்நாடு மறுபடியும் 162. இன்னிங்ஸ் மற்றும் 70 ரன் தோல்வி, மூன்றே நாளில்.

டாஸ் முடிவுதான் காரணம் என்று பயிற்சியாளர் சுலக்ஷன் குல்கர்னி வெளிப்படையாகவே சொன்னார். முதல் நாள் காலைக்கு அது பொருந்தும். இரண்டாவது இன்னிங்ஸ் 162க்கு டாஸ் மேல பழி போட முடியாதே.

அமெரிக்காவிலும் இதே கதை

பேஸ்பாலில் பந்து எறியும் 'பிட்சர்'தான் ஆட்டத்தின் அச்சாணி. 1987ல் அட்லாண்டா பிரேவ்ஸ் அணி 36 வயது டாயில் அலெக்சாண்டரை டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து, பெரிய லீக்கில் ஆடாத 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸை வாங்கியது. அலெக்சாண்டர் அந்த சீசனிலேயே டெட்ராய்ட்டுக்கு 9 வெற்றி தேடித்தந்தார். பிரேவ்ஸ் ஏமாந்துட்டாங்கன்னுதான் அப்போ தோன்றியிருக்கும். 1990லும் 97 தோல்வி. ஆனால் 1991ல் ஸ்மோல்ட்ஸ், டாம் கிளாவின், ஸ்டீவ் ஏவரி என இளம் பிட்சர்கள் பழுத்தார்கள். 94 வெற்றி, நேராக வேர்ல்டு சீரிஸ். ஏழாவது ஆட்டத்தில் ஸ்மோல்ட்ஸ் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. அணி 10 இன்னிங்ஸ் ஆடியும் ஒரு ரன்கூட அடிக்கவில்லை. 0-1 தோல்வி. 1993ல் கிரெக் மேடக்ஸும் சேர்ந்தார். அத்தனை பெரிய பிட்சர்கள் இருந்தும் அந்தப் பத்தாண்டில் கிடைத்த கோப்பை ஒன்றே ஒன்று, 1995ல்.

நல்ல பவுலிங் ஒரு அணியைத் தரையிலிருந்து நாக் அவுட் வரை தூக்கிவிடும். அதுக்கு மேல பேட்டிங்கும் கைகொடுக்கணும். 2024-25ல் லட்சுமிபதி பாலாஜி பயிற்சியில் தமிழ்நாடு மறுபடியும் காலிறுதிக்குப் போனது. நாக்பூரில் விதர்பாவிடம் 198 ரன் தோல்வி. தமிழ்நாட்டின் இரண்டு இன்னிங்ஸ்: 225, 202.